செம்பியின் இடது கண்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு 19 வயது. 11 வயதிலிருந்து குதிரையேற்றம் பயில்கிறேன். தடை தாண்டும் போட்டிகளில் சிறிய அளவில் கலந்துகொண்டிருக்கிறேன். சொல்லிக்கொள்ளும்படி வெற்றி எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பழைய கேமரா கைக்கு வந்தது. அதன்பின் குதிரையின் மேல் இருக்கும் நேரத்தைவிடக் குதிரையின் பக்கத்தில் நிற்கும் நேரமே கூடிவிட்டது. இவை தவிரக் கரிக்கோலால் வரைவேன், கவிதை என்று நினைத்துக்கொண்டு சிலவற்றை எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவில் பாடுவேன். ஆழம் வேண்டுமானால் ஒரே இடத்தில் தோண்ட வேண்டும் என்கிறார்கள் வீட்டில். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்க வந்தது வேறு.

நான் பயிலும் கூடத்தில் செம்பி என்றொரு பெண் குதிரை இருக்கிறாள். செந்நிறம், நெற்றியில் சிறிய வெள்ளைச் சுட்டி, வயது 16. அவள் என் குதிரை அல்ல, கூடத்தின் குதிரை. ஆனாலும் குதிரையின் முதுகில் உட்கார எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இரண்டு வருடங்களாக அவளுடைய இடது கண்ணில் அழற்சி வந்து வந்து போனது. கண் வீங்கும், நீர் வடியும், வெளிச்சம் பட்டால் இறுக மூடிக்கொள்வாள். மருந்து போட்டால் சில வாரங்களில் தெளியும். ஒவ்வொரு முறையும் ஜெபித்தேன். ஒவ்வொரு முறையும் தெளிந்தது. சென்ற முறை தெளியவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து, லாயத்தின் கதவை அடைத்து, இருட்டில் சிறு விளக்கொன்றைப் பிடித்து அந்தக் கண்ணைப் பார்த்தார். தலைக்கயிற்றைப் பிடித்திருந்தவள் நான். மனத்துக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் கண்ணின் மீது விழுந்தபோது உள்ளே பால் கலந்த நீலத்தில் ஒரு மேகம் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய கேமராவை என் வலது கை எப்போது தூக்கியது என்று எனக்கே தெரியாது. ஷட்டர் சத்தம் கேட்ட பிறகுதான் படம் எடுத்துவிட்டேன் என்று உணர்ந்தேன். மருத்துவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது என்று பிறகு சொன்னார்.

அந்தப் படம் இப்போது ஒரு கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. இதுவரை நான் எடுத்ததிலேயே சிறந்தது அதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அது தெரிகிறது. படத்தின் கீழே ஒரு வேத வசனத்தை எழுதியிருந்தேன். படத்தில் மதத்தைக் கலக்காதே என்கிறார்கள் கூடத்து நண்பர்கள். ஆலயத்தில் ஒரு பெரியவர், ‘குதிரை விருதா’, அதாவது வீண், என்று 33ஆம் சங்கீதத்தைக் காட்டி, கடவுளுக்குரிய நேரத்தை மிருகத்துக்குக் கொடுத்ததால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்றார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு மென்பொருளில் அவளுடைய வலது கண்ணை வெட்டி, திருப்பி, இடது கண்ணின் மேல் ஒட்டினேன். இரண்டு கண்களோடு அவளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரே நிமிடத்தில் ஜெபிக்கவும் செய்தேன், படமும் எடுத்தேன். உண்மையாக ஜெபித்திருந்தால் படம் எடுக்கத் தோன்றியிருக்காது. உண்மையான கலைஞராக இருந்தால் குற்றவுணர்வு வந்திருக்காது. இவற்றில் எது பொய்?

ச.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அதில்தான் நின்றுவிட்டேன். தலைக்கயிறு. மருத்துவர் ஒரு குதிரையின் நோயுற்ற கண்ணுக்கு அருகே தன் முகத்தைக் கொண்டுபோகிறார், இடம் இருட்டு, வலியுள்ள கண்ணில் வெளிச்சம் விழுகிறது, அந்தத் தலை ஒருமுறை சட்டென்று வீசினால் அவருடைய தாடை எலும்பு உடையும். அந்த நேரத்தில் கயிறு உங்கள் இடது கையில் மட்டும் இருந்தது, மற்றக் கையில் கேமரா இருந்தது. ஜெபமா, படமா, எது பொய் என்று கேட்கிறீர்கள். இரண்டுமே பொய் இல்லை என்று நினைக்கிறேன். தளர்ந்தது கயிறு. மருத்துவர் உங்களைத் திரும்பிப் பார்த்தது உங்கள் கலையையோ நம்பிக்கையையோ எடைபோட அல்ல, கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத்தான் என்பது என் ஊகம்.

இதைக் கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். இந்தத் தவற்றை இதைவிட மோசமாகச் செய்தவன் நான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு கதைக்காகக் குதிரைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போய், சில மாதங்கள் ஒரு லாயத்தில் நாள்தோறும் காலை நேரத்தைக் கழித்தேன். குதிரைகளைப் பராமரித்த முதியவர் முதல் இரண்டு வாரங்கள் என்னை ஏறவே விடவில்லை. குளம்பைச் சுத்தம் செய்யச் சொன்னார். குதிரையின் தோளருகே, அதன் வால் பக்கம் பார்த்து நின்று, கையை முன்னங்காலின் பின்புறமாக மெல்லக் கீழே இறக்கி, கணுக்காலுக்கு மேலே உள்ள நாண்களை இலேசாக அழுத்த வேண்டும். குதிரை தன் எடையை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றுவது முதலில் உங்கள் தோளில் தெரியும், அதன் பிறகே குளம்பு உங்கள் கைக்கு வரும். அவசரப்பட்டு இழுத்தால் வராது. கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுத்து, நடுவில் உள்ள முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்திவிடாமல் மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். ஒருநாள் இந்த வேலையை முடித்துவிட்டு, குறிப்பெடுக்க வைத்திருந்த சிறிய கேமராவோடு இரண்டடி பின்வாங்கி, குதிரையின் நேர் பின்னால் நின்று, அதன் முதுகின் வளைவைப் படமெடுக்க முயன்றேன். ஃபிளாஷ் தானாக எரிந்தது. உதை என் தொடையை உரசிக்கொண்டு போய்ப் பலகையில் விழுந்தது. முதியவர் ஓடி வந்து முதலில் பார்த்தது என்னை அல்ல, குதிரையின் காலை. எனக்கு அப்போது வந்த கோபம் இப்போது இல்லை. நான் நின்ற இடம் அந்தக் குதிரைக்கு இல்லாத இடம். அதன் உலகத்தில் நான் திடீரென்று ஒரு மின்னலாக மட்டுமே இருந்தேன்.

குதிரையின் பார்வையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றுள் குதிரையும் ஒன்று. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும்; நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு இடமும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு சிறு இடமும்தான் தெரியாது. நாம் இரு கண்களாலும் ஒரே காட்சியைப் பார்க்கிறோம். குதிரைக்கோ முன்னால் ஒரு சிறு பகுதியைத் தவிர, இடது கண்ணுக்கு ஓர் உலகம், வலது கண்ணுக்கு ஓர் உலகம். ஆகவே செம்பி இழந்தது ஒரு கண்ணை அல்ல, பாதி உலகத்தை. அதிலும் இடது பாதியை. குதிரையில் இடது பக்கமிருந்து ஏறுவது வழக்கம். வாளை இடது இடுப்பில் தொங்கவிட்ட வீரர்கள் காலத்திலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். வாள் போய்ப் பழக்கம் மிஞ்சியது. எட்டு ஆண்டுகளாக நீங்கள் அவளிடம் வந்த திசையே இப்போது அவளுக்கு இல்லை. அழற்சி திரும்பத் திரும்ப வரும் இந்த நோய்தான் உலகெங்கும் குதிரைகளின் பார்வையைப் பறிப்பவற்றுள் முதலிடத்தில் இருப்பது. நிலவு வளர்வதையும் தேய்வதையும் ஒட்டி வருவதாக முன்பு மக்கள் நம்பி, நிலவின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். வந்தும் போயும் ஏமாற்றுகிற நோய்க்கு அது பொருத்தமான பெயர்தான். உங்கள் ஜெபத்துக்குப் பின் ஒவ்வொரு முறையும் தெளிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வந்து போவது அந்த நோயின் இயல்பு. இதை உங்கள் நம்பிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை. கடைசி முறை தெளியாமல் போனதற்கு உங்களைக் காரணமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த ஷட்டருக்கு வருகிறேன். கை தானாகத் தூக்கியது என்கிறீர்கள். மூன்று ஆண்டுகள் நாள்தோறும் ஒரு கருவியைக் கையாண்டால் கை அப்படித்தான் ஆகும். தடையை நெருங்கும் குதிரையின் மேல் இருக்கும்போது, ‘இப்போது முன்னால் சாய வேண்டும், இப்போது கையைத் தளர்த்த வேண்டும்’ என்று யோசித்தா செய்கிறீர்கள்? பழகிய உடல் யோசனைக்கு முன்பே போய்விடுகிறது. அதில் கள்ளம் இல்லை. ஜெபமும் பழகியவர்களுக்கு அப்படித்தான் வரும். உங்களுக்கும் அன்று கேட்காமலேயே வந்திருக்கிறது. பயத்தில் இருந்த ஒருத்திக்குத் தெரிந்த இரண்டு பழக்கங்களும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தன என்பதற்கு மேல் நான் அதில் எதையும் காணவில்லை. உண்மையான பக்தருக்கு இது தோன்றாது, உண்மையான கலைஞருக்கு அது தோன்றாது என்றெல்லாம் நீங்கள் வரைந்து வைத்திருக்கும் இரண்டு உருவங்களை நான் எங்கும் சந்தித்ததில்லை.

எனக்கு ஐயம் இருப்பது அந்தப் படத்தைப் பற்றி அல்ல, அதற்கு நீங்கள் கொடுக்கும் எடையைப் பற்றி. அந்தப் படம் செம்பியைப் பற்றிய முழு உண்மை என்று நம்பத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒளிப்படம் உண்மையைச் சொல்லுமா என்ற வழக்கு ஒருமுறை குதிரையை வைத்தே பெரிதாக நடந்தது என்பது உங்களுக்குச் சுவையாக இருக்கும். 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தபோது, அவருக்கு முன்னும் பின்னும் பலர் வரைந்ததைப் போலவே, முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, நான்கும் தரையில் படாமல் பறக்கும் குதிரைகளை வரைந்தார். 1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், செல்வந்தர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில், ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதையின் ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்து, பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டி, குதிரையின் ஓட்டமே நூலை இழுத்து ஷட்டரைத் திறக்கும்படி செய்தார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அது கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல; நான்கும் வயிற்றுக்கு அடியில் கூடி மடங்கியிருக்கும்போது. குதிரைகளோடு வாழ்ந்து, நாள்தோறும் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், உண்மையாகவும் அன்பாகவும் பார்த்தவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தவறான கால்களை வரைந்திருக்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்தவர்கள், குதிரை இப்படியா ஓடுகிறது, ஏதோ பூச்சி கால்களை மடக்கியது போல் இருக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். பிற்காலத்தில் சிற்பி ரோதேன் ஜெரிக்கோவின் பக்கம் நின்று பேசினார். உண்மை சொல்வது ஓவியர்தான், பொய் சொல்வது ஒளிப்படம்தான், ஏனெனில் உண்மையில் காலம் நிற்பதில்லை என்பது அவர் வாதம். நான் இந்த வழக்கில் யார் பக்கமும் முழுதாக இல்லை. கால்கள் எங்கே இருந்தன என்று கேட்டால் மைபிரிட்ஜ் சொல்வது சரி. ஓட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவருடைய ஒரு தனிப்படத்திடம் பதில் இல்லை. உங்கள் படமும் அப்படித்தான். வெளிச்சம் விழுந்த நொடியில் அந்தக் கண் எப்படி இருந்தது என்பதை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் செம்பி அன்றைக்கு மாலையும் இருந்தாள், மறுநாள் காலையும் இருந்தாள், தலையைக் கூடுதலாக இடது பக்கம் திருப்பி வலது கண்ணால் உங்களைத் தேடவும் தொடங்கியிருப்பாள். அந்தப் படங்கள் உங்களிடம் இருக்கின்றனவா? கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கேமராக்காரருக்கு ஒரு சிறு யோசனை சொல்ல அனுமதியுங்கள். ஓடும் குதிரையை ஆயிரத்தில் ஒரு நொடியில் உறையவைப்பது உங்களுக்குக் கைவந்திருக்கும். ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்கு இறக்கி, குதிரையோடு கேமராவையும் அதே வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்துப் பாருங்கள். பின்னணி கோடுகளாக ஓடிவிடும், கால்கள் புகையாகும், சரியாக வந்தால் தலையும் கண்ணும் மட்டும் தெளிவாக நிற்கும். பத்துக்கு ஒன்பது பாழாகும். ஆனால் அதற்குக் குதிரையின் நடையை உங்கள் இடுப்பில் உணர்ந்து திரும்ப வேண்டும். எட்டு ஆண்டுகள் சேணத்தில் உட்கார்ந்த உங்களுக்கு அது மற்ற எவரையும்விட எளிதாக வரும். ஒரே இடத்தில் தோண்டு என்று வீட்டில் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் பல குழிகள் இல்லை. கரிக்கோலும் கேமராவும் கடிவாளமும் ஒரே கிணற்றில் இறங்கும் கயிறுகள். பாடுவேன் என்பதற்கு மேல் பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை; ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

ஒட்டு வேலை செய்த அந்தக் கோப்பு. நரியைப் பரியாக்கிய கதையை அறியாத தமிழர் இல்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டுத் தவித்த மாணிக்கவாசகருக்காக, இறைவனே குதிரை வணிகனாக வந்து நரிகளைக் குதிரைகளாக்கி ஒப்படைத்தார் என்பது கதை. அன்றிரவே அவை நரிகளாகி, லாயத்திலிருந்த மற்றக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. கடவுளே செய்தும் ஒரு ராத்திரிக்குமேல் தாங்காத வேலையை மென்பொருளிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை யாருக்கும் காட்டவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஓர் இரவு அதன் முன் உட்கார்ந்திருந்தீர்கள். அதைத் துக்கம் என்றே சொல்வேன். துக்கம் தேயும்போது அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றே உங்களுக்கு மறந்துபோகும்.

இனி ஆலயத்துப் பெரியவர். அவர் வயதுக்கும் அக்கறைக்கும் மரியாதை வைத்தே எழுதுகிறேன். ஆனால் அவர் காட்டிய வசனம் உங்களுக்கு உரியதல்ல. 33ஆம் சங்கீதத்தில் பேசப்படுவது போர்க்குதிரை. சேனையின் பெருக்கத்தால் அரசர் தப்புவதில்லை, மிகுந்த பலத்தால் வீரர் தப்புவதில்லை என்ற வரிக்கு அடுத்தபடியாகத்தான் குதிரை வருகிறது. அந்தக் காலத்தில் குதிரைகளின் எண்ணிக்கை என்பது படைபலம். அரசர் தமக்கெனக் குதிரைகளைப் பெருக்கக் கூடாது என்று உபாகமம் என்ற வேத நூலில் சட்டமே இருக்கிறது. அதிகாரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையைக் கண்டிக்கும் சொற்கள் அவை. கண் போன ஒரு வயதான குதிரைக்கு மருந்து போடும் பெண்ணை நோக்கி அவற்றைத் திருப்புவது, வைக்கோலை வெட்ட வாளை எடுப்பது போன்றது.

பெரியவர் அதே வேதத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் புரட்டியிருந்தால் யோபுவின் 39ஆம் அதிகாரத்துக்கு வந்திருப்பார். நான் உங்கள் சமயத்தைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் அந்தப் பகுதியைப் பல முறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் திகைத்திருக்கிறேன். யோபு பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர். நண்பர்கள் வந்து, உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அதிகாரம் அதிகாரமாக விளக்குகிறார்கள். உங்கள் பெரியவரின் பேச்சை அந்த நண்பர்களின் பேச்சோடு வைத்துப் படித்துப் பாருங்கள். கடைசியில் சூறாவளியிலிருந்து கடவுள் பேசுகிறார். யோபு கேட்டது, ஏன் என்ற கேள்வி. அதற்கு விடையே வரவில்லை. அதற்குப் பதில் கடவுள் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்: சிங்கம், காக்கை, ஈனும் வரையாடு, காட்டுக்கழுதை, தன் முட்டையையே மறந்துவிடும் தீக்குருவி என்ற நெருப்புக்கோழி. பிறகு குதிரை. அதன் கழுத்தை, மூக்கின் சீற்றத்தை, குளம்பால் தரையைப் பறிப்பதை, பயத்தைப் பார்த்து அது நகைப்பதை, தூரத்துப் போரை மோப்பம் பிடிப்பதை, லாயத்தில் வருடக்கணக்காக நின்றவர் மட்டுமே சொல்லக்கூடிய நுணுக்கத்தோடு ஏழு வசனங்களில் சொல்கிறார். இத்தனைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவர் உடலெங்கும் கொப்புளங்களோடு சாம்பலில் இருக்கிறார். அவரிடம்தான் இந்தக் குதிரையைப் பார் என்கிறார். இரக்கமற்ற பதில் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்தேன். இன்று எனக்கு அது வேறாகத் தெரிகிறது. அந்தப் பேச்சு யோபுவைக் கடிந்துகொண்டாலும், அவர் துன்பத்துக்கு அவருடைய குற்றத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. யோபுவும் முடிவில் சொல்வது, இதுவரை உம்மைப் பற்றிக் காதால் கேட்டிருந்தேன், இப்போது என் கண் காண்கிறது என்பதுதான்.

ஆகவே குதிரையை உற்றுப் பார்ப்பது கடவுளுக்குரிய நேரத்தைத் திருடுவது என்று உங்கள் வேதத்தை வைத்து யாரும் வாதாட முடியாது. ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியவரிடமும் இல்லை; அவர் மட்டும் இருப்பதாக நினைக்கிறார்.

படத்தின் கீழே எழுதிய வசனத்தை நீக்கிவிடுங்கள். கூடத்து நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நம்பிக்கையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கலைச் சட்டமும் இல்லை, யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நீக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த வசனம் பார்வையாளரிடம், இந்தக் கண்ணுக்குப் பொருள் இதுதான், பார்த்தது போதும் என்று சொல்லிவிடுகிறது. கடவுள் யோபுவிடம் பேசும்போதுகூடக் குதிரைக்குக் கீழே குறிப்பு எழுதவில்லை. மேலும் ஒரு வசனத்தை ஒரு படத்துக்கு அடியில் முட்டுக்கொடுப்பதற்காக வைத்தால், படம் நன்றாக இல்லாதபோது வசனமும் சேர்ந்து சாயும். அதன் இடத்தில், ‘செம்பி, 16 வயது, இடது கண், கால்நடை மருத்துவரின் விளக்கொளியில்’ என்று எழுதுங்கள். பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு அனுப்பலாமா கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அந்தத் தயக்கம் இருக்கிறது. அனுப்புங்கள். மருத்துவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லுங்கள், கயிற்றைத் தளரவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அது உங்களைவிடத் தெளிவாக நினைவிருக்கும். அடுத்த முறை சோதனைக்கு அவர் வரும்போது கேமராவை லாயத்துக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போங்கள். ஜெபத்தை மாட்டி வைக்க ஆணி இல்லை என்பதால் அது கூடவே வரட்டும். அதற்குக் கை தேவையில்லை.

ஒரு கண் இழந்த குதிரைகள் பல நன்றாகவே பழகிக்கொண்டு, ஏற்றத்துக்கும் உரியவையாகத் தொடர்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செம்பியை இனி வலது பக்கமிருந்து ஏறப் பழக்குகிறீர்களா, அல்லது இடது பக்கமே வந்து, தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, தோளில் கையை வைத்து, அந்தக் கையை எடுக்காமலேயே கால் வைத்து ஏறும் அங்கவடிவரை நகர்த்திப் போய் ஏறுகிறீர்களா என்று அறிய ஆவலாக இருக்கிறது. இரண்டாவது வழியில் அவளுக்குப் பழக்கம் மாறாது, உங்களுக்கு மட்டும்தான் மாறும். எதைத் தேர்ந்தீர்கள், அவள் எத்தனை நாளில் காதைப் பின்னுக்கு மடக்குவதை நிறுத்தினாள் என்று எழுதுங்கள். முடிந்தால் அவள் வலது பக்கத்துப் படம் ஒன்றும் அனுப்புங்கள்.

அன்புடன்.